ஆண்டுக்கு ஒரு யானை

புதுக்கோட்டைச் சமஸ்தானம் வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டியதே இல்லை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எழுத்தில் ஒரு கப்பம் இருந்தது: ஆண்டுக்கு ஒரு யானை. கீழாநிலைக்கோட்டைக்காக எழுதப்பட்ட கப்பம் அது.

அந்தக் கோட்டை அப்போது தஞ்சாவூர்ச் சீமையின் தென்கோடி. மராட்டிய மன்னர் பிரதாப சிங் தங்களுக்குக் கொடுத்தது என்று புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் உரிமை கோரிவந்தார்கள். பிறகு தளபதி பிரெய்த்வெயிட், ஹைதர் அலியோடு போரிட்ட அயர் கூட், சென்னை கவர்னர் மெக்கார்ட்னி என்று கிழக்கிந்தியக் கும்பினியார் பலரும் அதற்கு வாக்குக் கொடுத்தார்கள். நெருக்கடியில் கொடுத்த வாக்குகள். நெருக்கடி தீர்ந்ததும் தூங்கிவிட்டன.

1798இல் சென்னைக்கு கவர்னராக வந்தவர் எட்வர்டு கிளைவ். பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மூத்த மகன். தந்தையைப் போல வாளெடுத்துப் பெயர் வாங்கியவர் அல்ல. ஆனால் தமிழ்நாட்டின் தலையெழுத்தை மாற்றிய காரியங்கள் பலவும் இவருடைய ஐந்தாண்டுகளில்தான் நடந்தன. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கும்பினியின் கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, அவர்கள் கோட்டைகள் இடிக்கப்படும் என்று கிளைவின் அறிவிப்பு வந்தது.

கோட்டைகளை இடித்த அந்த அரசுதான் புதுக்கோட்டைக்கு ஒரு கோட்டையைக் கொடுத்தது. காரணத்தை மறைத்துப் பயனில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது தொண்டைமானின் ஆட்கள். பாளையக்காரர் போர்களில் புதுக்கோட்டைப் படை கும்பினியோடு நின்றது. அந்தச் சேவைக்குக் கைம்மாறாக, பழைய உரிமையை நினைத்துப் பார்க்கும்படி மன்னர் விஜய ரகுநாதத் தொண்டைமான் கேட்டார். 1803இல் கோட்டையும் சுற்றியுள்ள சீமையும் கிடைத்தன. கிளைவ் பதவி விட்டுப் போனதும் அதே ஆண்டில்தான்.

கும்பினியின் லண்டன் இயக்குநர்கள் 1806இல் இதை உறுதிசெய்தபோது சில நிபந்தனைகள் இருந்தன. சீமையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. குடிகள் கொடுமைக்கு ஆளாவதாக எப்போது மெய்ப்பிக்கப்பட்டாலும் அது கும்பினிக்கே திரும்பிவிடும். கூடவே ஆண்டுக்கு ஒரு யானை.

யானை என்ன விலை பெறும் என்று கணக்குப் பார்த்துக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 'இது உன்னுடையது அல்ல, நாங்கள் கொடுத்தது' என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டவே கேட்டிருக்கிறார்கள். நிபந்தனைகளில் என் மனம் தங்குவது குடிகளைப் பற்றிய வரியில்தான். கீழாநிலை மக்கள் ஏதோ ஒரு வகையில் அந்த ஏட்டில் இடம்பெற்றது அங்கே மட்டும். யாருக்கு உட்பட்டு வாழ விருப்பம் என்று அவர்களைக் கேட்டவர் இல்லை. கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

அந்த யானையைக் கும்பினி வசூலிக்கவே இல்லை. 1836இல் கப்பத்தை முறைப்படி தள்ளுபடி செய்தார்கள். பவிஸ் பிரபுவாகிவிட்ட கிளைவ், 82 வயதில், அப்போது தம் நாட்டில் உயிரோடிருந்தார். கீழாநிலைக்கோட்டை, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை தொண்டைமான்களிடமே இருந்தது.