குச்சிக்கிழங்கும் பராகுவே குளவியும்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி என்றால் சிரிப்பார்கள், குச்சிக்கிழங்குதான். நம் மண்ணின் பயிர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். ஆனால் அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் மலேயா, ஜாவாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். எங்கோ நடந்த சண்டை, எங்கள் மேட்டுக்காட்டில் எதை நடுவது என்று தீர்மானித்தது. சேகோ ஆலை லாரிகள் வரவர, ராகியும் சாமையும் விளைந்த இடமெல்லாம் குச்சிக்காடு ஆனதை நான் பார்த்திருக்கிறேன்.

பயிர் கடல் தாண்டி வந்தது, அதன் மாவுப்பூச்சி அங்கேயே நின்றுவிட்டது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. 2020இல் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள். ஆண் இல்லாமலே பெருகும் இனம். விதைக்குச்சிக் கட்டோடு லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். அது தின்னத் தோதாக ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டு வைத்ததும், குச்சியை ஏற்றி அனுப்பியதும் நாம்தானே!

என் அண்ணன் மகன் காட்டில் நுனியிலைகள் கொண்டை கொண்டையாகச் சுருண்டன. மருந்து அடித்தான். பூச்சியின் மேலிருந்த மெழுகுப்பொடி மருந்தை உள்ளே விடவில்லை.

ஆப்பிரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். 1981இல் பராகுவேயில் அதன் இயற்கை எதிரி அகப்பட்டது. எறும்பளவுகூட இல்லாத குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். அதைப் பல நாடுகளில் பரப்பிய சுவிஸ் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

குளவிக்கு வரப்பு தெரியாது. ஒரு காட்டில் மருந்தடித்தால் மூன்று காட்டுக் குளவி செத்துப்போகும்.

"நான் அடிக்காம இருந்துடுவேன் சித்தப்பா. பக்கத்துக் காட்டுக்காரர் அடிச்சா?" என்றான்.

இருவருமாகப் போய்ச் சொன்னோம். "பதினஞ்சு நாள் பாக்கறேன், அப்புறம் அடிச்சுருவேன்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கி நட்டவர்.

பத்தாம் நாள் அண்ணன் மகன் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினான். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பழுப்பாக, காய்ந்து கிடந்தது. அதன் முதுகில் குளவி வெளியேறிய பொத்தல். பறித்துக்கொண்டு நேரே பக்கத்துக் காட்டுக்குப் போனோம்.