டொமைன் பெயரை வெளிச் சர்வருடன் இணைத்தல்

ஒருவர் தமக்கென்று பதிவு செய்துகொண்ட டொமைன் பெயரை, பிறிதொரு ஸ்தாபனத்தின் சர்வரில் இருக்கும் தம் எழுத்துக்களுக்கு விலாசமாக அமைக்கும் ஏற்பாடு இது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் கணினிப் பெயர்களெல்லாம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் பராமரித்த ஒரே கோப்பில் அடங்கியிருந்தன. அந்த ஜாபிதா பெருகிப் பெரும் பாரமாகிவிடவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தளித்த டி.என்.எஸ். என்னும் டொமைன் பெயர் முறை, பெயர்களின் மீதான அதிகாரத்தை அவற்றிற்கு உரியோரிடமே பகிர்ந்தளித்தது.

இம்முறையில் 'ஏ' பதிவு பெயரை நேரே ஐ.பி. எண்ணுடன் பிணைக்க, 'சீநேம்' பதிவு ஒரு பெயரை மற்றொரு பெயருக்கு மறுபெயராக்குகிறது. பின்னதே விசேஷ அனுகூலம் உடையது. சர்வரை நடத்துவோர் எண்ணை மாற்றினும் பெயருக்கு உரியவர் எதையும் திருத்த வேண்டியதில்லை. ஆயினும், சீநேம் உள்ள பெயரில் வேறு பதிவு இருத்தலாகாது என்பது 1987-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1034 என்னும் இணைய விதி ஆவணத்தின் விதியாதலாலும், நிர்வாக விவரங்களைத் தாங்கும் 'எஸ்.ஓ.ஏ.', 'என்.எஸ்.' பதிவுகள் முன்னொட்டு ஏதுமற்ற மூலப் பெயருக்கு அவசியமாதலாலும், அங்கே பெரும்பாலும் 'ஏ' பதிவையே இடுவர்.

ஒரு பெயரைக் குறித்துத் தாம் பெற்ற பழைய விடையை இடைநிலைச் சர்வர்கள் 'டி.டி.எல்.' கெடு தீரும்வரை நினைவில் வைத்திருக்குமாதலின், மாற்றம் எங்கும் உடனே புலப்படுவதில்லை. சேவையை விட்டு விலகுவோர் சீநேம் பதிவை அவசியம் நீக்கிவிட வேண்டும். நீக்காவிடில், கைவிட்ட இடத்தை அந்நியர் கைப்பற்றி, அப்பெயரிலேயே தம் பக்கங்களை வெளியிடக்கூடும்.