அங்குலங்கள் சொல்லாத கதை: நியூயோர்க்கின் பனிப்புயல்கள்

பத்திரிகையின் செய்தி மேசையில் நான் இருந்த காலத்தில், வட அமெரிக்காவில் குளிர்காலம் பிறந்துவிட்டால் வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் தவறாமல் அனுப்பும் செய்தி ஒன்று உண்டு. 'வரலாறு காணாத பனிப்பொழிவு' என்பதே அதன் சாரம். அங்குலக் கணக்கைத் தலைப்பில் போட்டுவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. நியூயோர்க் நகரின் பனி வரலாற்றைப் பின்னாளில் ஆற அமரப் படித்தபோதுதான், அங்குலக் கணக்கு வேறு, அனர்த்தக் கணக்கு வேறு என்பது தெளிவாயிற்று.

அந்நகரில் பொழியும் பனியின் அளவு மன்ஹட்டனின் நடுவேயுள்ள சென்ட்ரல் பூங்காவில் 1869 ஆம் ஆண்டு முதல் பதிவாகி வருகின்றது. 2016 ஜனவரிப் புயலில் 27.5 அங்குலம், 2006 பெப்ரவரியில் 26.9 அங்குலம், 1947 டிசம்பரில் ஏறத்தாழ 26 அங்குலம். 1888 மார்ச் மாதத்துப் புயல் கொட்டியதோ 21 அங்குலமே. ஆயினும் 'பெரும் பனிப்புயல்' என்று சொன்னால் நியூயோர்க் வாசிகள் இன்றும் நினைப்பது அந்த 1888 ஐத்தான்.

மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு முன்தினம் வசந்தகாலம் போன்ற இதமான வெப்பநிலை. நள்ளிரவு கடந்ததும் மழை பனியாக மாறிற்று. திங்கட்கிழமை காலையில் வழமைபோல் வேலைக்குப் புறப்பட்ட மக்களைக் கடுங்காற்று வீதியிலேயே மறித்தது. தூண்களின் மேல் ஓடிய புகையிரதங்கள் இடைநடுவில் நின்றுபோக, ஆயிரக்கணக்கானோர் அவற்றுள் சிறைப்பட்டனர். தந்திக் கம்பிகளும் மின்கம்பிகளும் அறுந்து தொங்கின. காற்று வாரிக் குவித்த பனி சில இடங்களில் மாடி வீடுகளின் உயரத்தை எட்டியது. நியூயோர்க்கில் மாத்திரம் சுமார் 200 பேரும், வடகிழக்குக் கரையோரம் முழுவதிலும் 400 க்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

அவர்களுள் ஒருவர் முன்னாள் செனட்டர் ரொஸ்கோ கொன்கிளிங். வோல் வீதிப் பகுதியிலிருந்த தமது அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப வாடகை வண்டி தேடினார். வண்டிக்காரன் 50 டொலர் கேட்டானாம். அக்காலத்தில் அது ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை. மறுத்துவிட்டுக் கால்நடையாகவே புறப்பட்ட கொன்கிளிங், யூனியன் சதுக்கத்தில் பனிக்குவியலுக்குள் சிக்கி, ஒருவாறு மீண்டு, மடிசன் சதுக்கத்தை அடைந்து வீழ்ந்தார். ஏப்ரல் 18 ஆம் திகதி உயிர் பிரிந்தது. அந்தச் சதுக்கத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு.

இந்தப் புயலே நியூயோர்க்கின் சுரங்கப் பாதைக்குப் பிள்ளையார் சுழி போட்டது என்று பலரும் எழுதுவர். அது முழு உண்மையன்று. மேயர் ஏப்ரம் ஹியூவிற், புயலுக்குச் சில வாரங்கள் முன்னரே அத்தகைய திட்டமொன்றை நகரசபையின் முன் வைத்திருந்தார். கம்பிகளைப் புதைக்க வேண்டுமென்ற சட்டமும் 1884 இலேயே இயற்றப்பட்டிருந்தது. கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டதோ புயலின் மறுவருடம். சுரங்கப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1904 ஒக்டோபரில். யோசனைகள் முன்னமே இருந்தன. அவற்றை ஒத்திப்போட இனி இயலாது என்பதைப் புயல் உணர்த்தியது. அவ்வளவே.

இப்புயல்களின் பிறப்பு அத்திலாந்திக் கரையோரத்தில். தாழமுக்கம் ஒன்று கரையை ஒட்டி வடக்கே நகரும்போது, வடகீழ்த் திசையிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தை நகரின்மேல் கொட்டுகின்றது. வடகீழ்க் காற்று என்றால் ஈழத்தவராகிய நமக்கு மாரி மழை; அவர்களுக்குப் பனிப்புயல். தாழமுக்கம் கரைக்குச் சற்று அதிகமாக நெருங்கிவிட்டாலோ, கடலின் வெப்பக் காற்று உட்புகுந்து பனியை மழையாக்கிவிடும். சில பத்து மைல் வித்தியாசம் போதும், எதிர்வுகூறுவோரின் கணக்குப் பிழைத்துப்போகும்.

1969 பெப்ரவரி 9 ஆம் திகதி நடந்தது அதுவே. பனி மழையாக மாறுமென்று எதிர்பார்க்கப்பட்டது, மாறவில்லை. சென்ட்ரல் பூங்காவில் பதிவானது 15.3 அங்குலம். பனி அகற்றும் இயந்திரங்களுள் ஐந்தில் இரண்டு பழுதடைந்து கிடந்தன. மன்ஹட்டனின் வீதிகள் துப்புரவாக்கப்பட, குயீன்ஸ் பகுதி நாட்கணக்கில் புதையுண்டு கிடந்தது. இறந்த 42 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குயீன்ஸ்வாசிகள். ஐக்கிய நாடுகள் சபையின் உயரதிகாரியும் நோபல் பரிசாளருமான ரால்ஃப் பஞ்ச் குயீன்ஸில்தான் குடியிருந்தார். அவரே மேயருக்குத் தந்தி அனுப்பி முறையிட்டார் என்றால் சாதாரண மக்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ! நேரில் பார்க்கச் சென்ற மேயர் ஜோன் லிண்ட்சேயின் கார் பனியில் சிக்கியது. மக்கள் கூக்குரலிட்டு அவரை வைதனர். அவ்வருடம் ஜூனில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் அவர் தோற்றார். எனினும், பனி விடயத்தில் தவறிழைத்ததைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் தாமே ஒப்புக்கொண்டு, லிபரல் கட்சி வேட்பாளராக நின்று நவம்பரில் வென்றார். நம் நாட்டு அரசியல்வாதிகளுக்கு இந்த உத்தி இன்னும் எட்டவில்லை. நம்மவர் பலர் அறிந்த ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் 1977 இல் குடமுழுக்குக் கண்டதும் இதே குயீன்ஸில்தான்.

அங்குலக் கணக்காவது கறாரானதா? பனியை அளப்பவர்கள் மனிதர்கள். வெண்பலகை ஒன்றில் விழும் பனியை அளவுகோலால் அளக்கின்றனர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பலகையைத் துடைக்கலாகாது. அடிக்கடி துடைத்தால், தன் பாரத்தால் அமுங்கியிருக்க வேண்டிய பனி அமுங்காமல் கூட்டுத்தொகை வீங்கிவிடும். 2016 புயலில் முதலில் அறிவிக்கப்பட்டது 26.8 அங்குலம், 2006 இன் சாதனைக்குப் பத்தில் ஒரு அங்குலம் குறைவு. சில மாதங்களின் பின்னர் நடந்த மீளாய்வில், தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறு கண்டறியப்பட்டு 27.5 ஆகத் திருத்தப்பட்டது. அதே மீளாய்வில் அயல் நகரான நியூவார்க்கின் 28.1 அங்குலம் செல்லாது என்று தள்ளப்பட்டது.

பருவக் கணக்கிலும் ஏற்ற இறக்கம் பெரிது. 1995-96 குளிர்காலத்தில் மொத்தம் 75.6 அங்குலம்; 2022-23 இல் வெறும் 2.3. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அத்தனை குறைவாகப் பனி பெய்ததில்லை. 2022 பெப்ரவரிக்குப் பின்னர் ஒரே நாளில் ஓர் அங்குலம் விழாமலேயே 701 நாட்கள் கழிந்தன. 2024 ஜனவரி நடுப்பகுதியில் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டிப் பனி விழுந்தது. நகரத்துப் பத்திரிகைகள் அதையும் தலைப்புச் செய்தியாக்கின.