நாகசுரம்: திமிரியிலிருந்து பாரி வரை

நாகசுரம், கோயில் வீதிகளிலும் மணப்பந்தல்களிலும் தவிலுடன் இணைந்து ஒலிக்கும் துளைக்கருவி ஆகும். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் உலவு எனும் குழல், அதன் அடியில் விரியும் அணசு, மேல்முனையில் செருகும் கெண்டை, கெண்டையில் பொருந்தி உதடுகளுக்கிடையே அமையும் நாணல் தட்டையாலான சீவாளி ஆகியவை அதன் உறுப்புகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெரிதும் வழங்கிய திமிரி, குட்டையானது. அதன் உயர்ந்த சுருதி, சாமி புறப்பாட்டின் சந்தடியை மீறித் தொலைவு வரை எட்டியதாயினும், மேடையில் நெடுநேரம் இராகம் விரிக்கையில் செவிக்குக் கூர்மையாகப் பட்டது.

வெளிப்புறக் கருவியொன்று அரங்குக்கு வரும்போது உருமாறுவதை ஐரோப்பியக் கொம்பிலும் காணலாம். வேட்டைக்கு ஊதிய வளைகொம்பு இயல்பாக எழும் சில சுரங்களையே தந்ததால், வாசிப்போர் அதன் அகன்ற வாயினுள் கையைச் செருகி இடைச்சுரங்களை வருவித்தனர்; 1818இல் ஸ்டோல்சலும் புளூமெலும் வால்வுக்குக் காப்புரிமை பெற்றபின் எல்லாச் சுரங்களும் ஒரே குழலில் கைகூடின. எனினும் பிராம்ஸ், 1865இல் இயற்றிய கொம்பு மூவர் இசைக்கு வால்வற்ற பழங்கொம்பையே விரும்பினார். நாகசுரத்துக்கோ இத்தகைய பொறி வேண்டியிருக்கவில்லை. துளையைப் பாதி மூடும் விரலும், சீவாளியை இறுக்கித் தளர்த்தும் உதடும் கமகம் எனப்படும் சுர அசைவுகளை முன்னரே தந்துவந்தன.

அதன் குறை சுத்த மத்திமத்தில் இருந்தது. ஏழு சுரங்களில் நான்காவதான மத்திமத்தின் தாழ்ந்த வடிவமாகிய அது, துளையின் இயல்பான ஒலியாக அமையாமல், ஊதும் அழுத்தத்தால் திருத்த வேண்டியதாயிற்று. நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), ஒத்து எனும் சுருதிக்குழலுக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு, சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாகசுரத்தை நாடினார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி 1955இல், சுத்த மத்திமம் பிசகாது பேசும் பாரியைக் கடைந்தளித்தார். பிள்ளை மறுஆண்டே மறைந்தமையால், அவருடைய தோடி இராக வாசிப்பின் புகழை இக்கருவிக்கு உரியதாக்குவது பொருந்தாது. பயன் பெரிதும் பின்வந்தோரையே சேர்ந்தது. பழைய வீடுகளின் நன்கு உலர்ந்த ஆச்சா உத்தரங்களை இன்றும் தேடி வாங்கும் நரசிங்கம்பேட்டையின் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலாயாவுக்குச் சென்ற தமிழர் வழிபாட்டோடு இவ்விசையையும் கொண்டுசென்றனர். அங்குள்ள கேமரன் மலை போன்ற ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட தேயிலைப் பகுதிகளில் குளிர் மற்றொரு சிக்கலைத் தருகிறது. குளிர்ந்த காற்றில் துளைக்கருவிகளின் சுருதி இறங்குமாதலால், ஊதிச் சூடேற்றிச் சீவாளியைச் சரிசெய்த பின்னரே சுருதி சேர்க்க இயலும்.