கொல்லைப்புறத்துக்கு நீச்சல்குளம் எப்படி வந்தது?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். டாலஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிற என் பெரியம்மா பொண்ணு அனுப்பினது. "டேய், வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மா கிடக்கு. பாப்பாவுக்கு ஆறு வயசு ஆகப்போகுது, நீச்சல் கத்துக்கணும். பூல் போடலாமா? போட்டா எந்த மாதிரி போடறது? நீதானே இன்ஜினியர், பார்த்துச் சொல்லு." நான் எழுதுறது பேக்கெண்ட் கோடு. ஆனா தம்பின்னு ஆயாச்சு, பார்க்கணும்ல.

பார்த்தேன். முக்கியமா மூணு வகை. குழி தோண்டி, சுவர் நிறுத்தி, உள்ளே வினைல் ஷீட் விரிக்கிறது ஒண்ணு. ஆரம்பச் செலவு கம்மி, ஆனா பத்து வருஷம் போல ஆனா ஷீட்டை மாத்தணும். அடுத்தது ஃபேக்டரியில வார்த்த ஃபைபர்கிளாஸ் தொட்டி. கிரேன் வெச்சு இறக்கினா வேலை சீக்கிரம் முடியும். ஆனா லாரியில ரோட்டு வழியா வரணுமே, அதனால அகலம் பொதுவா 16 அடியைத் தாண்டாது. மூணாவது கனைட். கம்பி கட்டி, அது மேல சிமென்ட் கலவையை ஹோஸ் வழியா பீய்ச்சி அடிக்கிறது. எந்த வடிவமும் வரும், பணமும் அதுக்கேத்த மாதிரி போகும். டாலஸ் மண் வேற நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரி, மழையில உப்பும், வெயில்ல பிளக்கும். மண்ணைச் சோதிக்காம எந்தக் கொட்டேஷன்லயும் கையெழுத்துப் போடாதேன்னு அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா கனைட்டோட கதை என்னை உள்ளே இழுத்துடுச்சு. அதைக் கண்டுபிடிச்சவர் கட்டடப் பொறியாளர் இல்லை, செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுறவர்! பேரு கார்ல் ஏக்லி. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தோட உதிர்ந்துபோன வெளிச்சுவரைப் பூசறதுக்காக 1907 வாக்குல காற்றழுத்தத்துல கலவையைப் பீய்ச்சுற கருவியைச் செஞ்சார். 1911-ல பேட்டன்ட்டும் கிடைச்சது.

டெக்னாலஜி 1911-லயே ரெடி. ஆனா 1950-லகூட அமெரிக்கா முழுக்க வீடுகள்ல இருந்த தரைக்குள் கட்டிய குளங்கள் சுமார் 2,500தான். 1999-ல 40 லட்சத்தைத் தாண்டிடுச்சு. நடுவுல என்ன ஆச்சு? போருக்கு அப்புறம் காசு வந்தது, புறநகர் வந்தது, கொல்லை பெருசாச்சு. இது எல்லாரும் சொல்ற பதில், பொய்யும் இல்லை. ஆனா ஜெஃப் வில்ட்ஸிங்கிற வரலாற்றாய்வாளர் 2007-ல வெளியான தன் புத்தகத்துல இன்னொரு காரணத்தையும் காட்டுறார்: நிறவெறி.

அதுக்கு முன்னாடி அமெரிக்க நகரங்கள்ல நகராட்சிக் குளங்கள் பிரம்மாண்டமா இருந்தன. 1920-கள்ல ஆணும் பெண்ணும் ஒரே தண்ணியில இறங்க ஆரம்பிச்சப்போதான் வடக்கு நகரங்கள்லயும் கறுப்பின மக்களை வெளியே தள்ளுறது கடுமையாச்சு. செயின்ட் லூயிஸ்ல ஃபேர்கிரவுண்ட் பார்க் குளம். 1949 ஜூன் 21 அன்னிக்கு கறுப்பினச் சிறுவர்களையும் உள்ளே விட்டாங்க. வெளியே வெள்ளையர் கூட்டம் சேர்ந்து அவங்களை அடிச்சது. நகரம் பயந்து பழையபடி தடை போட்டது. அடுத்த வருஷம் கோர்ட் உத்தரவால குளம் எல்லாருக்கும் திறந்தது. 1948-ல 3 லட்சம் முறைக்கு மேல ஆட்கள் வந்து குளிச்ச இடம், 1950-ல சுமார் 10 ஆயிரம்! வெள்ளையர்கள் வர்றதையே நிறுத்திட்டாங்க. 1956-ல மூடியே போச்சு.

மிசிசிப்பியில ஜாக்சன் நகரம் இன்னும் ஒரு படி மேல. எல்லாரையும் சேர்த்துக் குளிக்க விடறதுக்குப் பதிலா தன் குளங்களையே மூடிடுச்சு. அது தப்பில்லைன்னு 1971-ல சுப்ரீம் கோர்ட்டே 5-க்கு 4 பெரும்பான்மையில சொல்லிடுச்சு. ஃபுளோரிடாவுல செயின்ட் அகஸ்டின், 1964 ஜூன் 18. போராட்டக்காரங்க கறுப்பர், வெள்ளையர்னு சேர்ந்து ஒரு மோட்டல் குளத்துல குதிச்சாங்க. மேனேஜர் கேன் எடுத்துட்டு வந்து தண்ணியில ஆசிட் ஊத்தினார். அந்த போட்டோ தேடினா கிடைக்கும், பாருங்க.

நமக்கு இது புரியாத கதையா என்ன? 1927-ல மஹாட்ல ஒரு பொதுக்குளத்துத் தண்ணியைக் கையில அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஊர்வலமா போக வேண்டியிருந்தது.

ஆக, பொதுக்குளத்துல இருந்து கிளம்பின வெள்ளைக் குடும்பங்கள்ல பலர் சந்தா கட்டுற கிளப்புக்குப் போனாங்க. வசதி இருந்தவங்க தன் கொல்லையிலயே தோண்டிக்கிட்டாங்க. ரெண்டுக்கும் வசதியில்லாத கறுப்பினக் குழந்தைகளுக்கு மிஞ்சினது கவனிப்பில்லாத நகராட்சிக் குளம், சில ஊர்ல அதுவும் இல்லை. அமெரிக்காவுல இன்னிக்கும் வெள்ளைக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் அதிகமா நீரில் மூழ்கி இறக்குறாங்க.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். "அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்? பூல் போட்டா நான் நிறவெறியா?"ன்னு கோபப்பட்டா. நியாயமான கோபம்தான். அவ காசு, அவ இடம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: உங்க ஊர் நகராட்சிக் குளத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தியா?

நாலு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் நோட். பின்னணியில ஒரே பசங்க கூச்சல், விசில் சத்தம். "பாப்பாவை இங்க கிளாஸ்ல சேர்த்துட்டேன். கூட்டம் ஜாஸ்தி, பார்க்கிங் கிடைக்கல. கனைட்காரன் கொட்டேஷன் செப்டம்பர் வரைக்கும் செல்லுமாம், அப்போ பார்த்துக்கலாம்."