தோற்ற வேட்பாளர் கட்சிக்குச் செய்தது என்ன?

கட்சிக்கு நல்லது செய்கிற வேட்பாளர் யார்? கொள்கையில் கொஞ்சமும் அசையாதவரா, இல்லாட்டி மற்றப் பக்கத்து வாக்குகளையும் இழுக்கக்கூடிய மிதவாதியா? இந்த வாக்குவாதம் வரும்போதெல்லாம் கனபேர் காட்டுகிற உதாரணம், 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அதை நாங்கள் ஒருக்கா ஆறுதலாகப் பார்ப்போம்.

அப்போது குடியரசுக் கட்சிக்குள் இரண்டு அணிகள். நியூயோர்க் ஆளுநர் நெல்சன் றொக்கபெல்லரின் மிதவாத அணி சிவில் உரிமைகளை ஆதரித்தது. அரசு சமூகநலனுக்குச் செலவழிப்பதையும் ஏற்றுக்கொண்டது. அரிசோனா செனற்றர் பரி கோல்ட்வோட்டரின் பழமைவாத அணியோ மத்திய அரசு சுருங்கவேணும், கம்யூனிசத்தோடு சமரசம் கூடாது என்றது. அந்த வருசச் சிவில் உரிமைச் சட்டத்துக்கு செனற்றிலிருந்த 33 குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். கோல்ட்வோட்டர் எதிர்த்து வாக்களித்தார்.

ஆனால் வேலை செய்தவர்கள் கோல்ட்வோட்டரின் ஆட்கள்தான். மாநிலம் மாநிலமாகக் கட்சிக் கூட்டங்களுக்குள் இறங்கிப் பேராளர்களைச் சேர்த்தார்கள். யூன் மாதம் கலிபோர்ணியா முன்தேர்தலையும் சிறிய வித்தியாசத்தில் வென்றார்கள். யூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் தீவிரவாதத்தைக் கண்டித்துப் பேச எழும்பிய றொக்கபெல்லரைக் கூச்சல் போட்டே பேசவிடாமல் பண்ணினார்கள். சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் ஒரு குற்றமல்ல என்று கோல்ட்வோட்டர் மேடையில் முழங்கினார்.

சரி, பிறகு என்ன நடந்தது? நவம்பரில் ஜோன்சன் 44 மாநிலங்களை வென்றார். கோல்ட்வோட்டருக்குக் கிடைத்தது ஆறு: சொந்த அரிசோனாவும், சிவில் உரிமைச் சட்டத்தில் கொதித்துப்போயிருந்த ஐந்து தென் மாநிலங்களும்.

இங்கேதான் பழமைவாதிகள் ஒரு கதை சொல்வார்கள். அந்தத் தோல்விதான் விதை. அவருக்காகத் தொலைக்காட்சியில் பேசிப் பெயரெடுத்த ரொனால்ட் ரீகன் 1980 இல் 44 மாநிலங்களை வென்று ஜனாதிபதியானார். ஆகவே தோற்றாலும் கொள்கை வெல்லும் எண்டு.

கதையில் உண்மை இருக்கு. அந்தத் தொண்டர்கள் கலைந்து போகவில்லை, கட்சியை உள்ளிருந்தே மாற்றினார்கள். ஆனால் கணக்கில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, கோல்ட்வோட்டரோடு சேர்ந்து பிரதிநிதிகள் சபையில் கட்சி 36 ஆசனங்களை இழந்தது. அந்தப் பெரும்பான்மையை வைத்துத்தான் ஜோன்சன் 1965 இல் முதியோருக்கான மெடிக்கெயார் மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவந்தார். கோல்ட்வோட்டர் எதிர்த்த திட்டம் அது! அவருடைய வேட்புமனு எதிர்த்தரப்புக்கே உதவியது.

இரண்டு, 1960 இல் நிக்சனுக்குக் கறுப்பின வாக்குகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிடைத்தது. 1964 இல் அது பத்து வீதத்துக்கும் கீழே போனது. லிங்கனின் கட்சி அந்த வாக்காளர்களைப் பிறகு பழைய அளவில் திரும்பப் பெறவேயில்லை.

மூன்று, கோல்ட்வோட்டரை ஆதரிக்க மறுத்த மிச்சிகன் ஆளுநர் ஜோர்ஜ் றொம்னி, ஜோன்சன் அலை அடித்த அதே நாளில் தன் பதவியைத் தக்கவைத்தார். கட்சி வெள்ளை மாளிகைக்குத் திரும்பியதும் 1968 இல், இரண்டு அணிகளுக்கும் நடுவில் நின்ற நிக்சனோடுதான்.

ரீகனே இதைப் புரிந்துகொண்டவர். கலிபோர்ணியாவை எட்டு வருசம் ஆண்ட அனுபவத்தோடு வந்தார். முன்தேர்தலில் தன்னோடு மோதிய மிதவாதி ஜோர்ஜ் புஷ்ஷையே துணை ஜனாதிபதி வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். 1964 இல் றொக்கபெல்லருக்குக் கிடைத்தது கூச்சல். 1980 இல் புஷ்ஷுக்குக் கிடைத்தது மேடையில் ஓரிடம்.

ஆகவே எங்கள் பார்வையில், கட்சிக்கு உதவியது அந்தத் தோல்வி அல்ல. தோல்விக்குப் பிறகும் தொண்டர்கள் செய்த வேலையும், பிறகு வந்த தலைவர் மற்ற அணியையும் சேர்த்துக்கொண்டதும்தான். இனி ஆராவது "தோற்றாலும் பரவாயில்லை, கொள்கை முக்கியம்" எண்டு சொன்னால், தோற்ற பிறகு என்னென்ன சட்டம் வந்தது, ஆர் ஆர் கட்சியை விட்டுப் போனார்கள் என்றும் சேர்த்துக் கேட்போம்.