வழுக்கையாற்றங்கரையில் ஒரு பழம்பதி

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்பது நம் முன்னோர் கொள்கை. காவிரிக்குப் புகார், பொருநைக்குக் கொற்கை, வைகைக்கு மதுரை எனத் தமிழகத்துப் பழம்பதிகள் பலவும் ஆற்றோடு சேர்த்தே எண்ணப்படுவன. அவ்வளவுகோலைக் கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டை அளக்கப் புகுவோர், இங்கே பேராறு யாதுமில்லை, ஆதலின் பழைய பேரூரும் இருந்திராது என்று முடிவுகட்டிவிடுவர். அம்முடிவு பொருந்தாது. உடுவிலுக்கு அயலே, நாம் மிதிவண்டியிற் கடந்து செல்லும் மதகுகளின் கீழே, மாரிகாலத்தில் ஓராறு ஓடுகின்றது. அதன் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊரொன்று மண்ணுள் மறைந்து கிடக்கின்றது. ஆற்றின் பெயர் வழுக்கையாறு. ஊரின் பெயர் கந்தரோடை. அதனைக் காண விரும்புவோர்க்கு அயலூரவன் ஒருவன் உடன்வந்து வழிகாட்டுமாப்போல, வரலாற்றையும் வழியையும் சேர்த்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆற்றின் இயல்பு

குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறை துளைகளும் வெடிப்புகளும் உடையதாகலின், பெய்யும் மழையிற் பெரும்பகுதி நிலத்தின் கீழ் இறங்கிவிடுகின்றது. நமது ஆறுகள் நிலத்தின் கீழே ஓடுகின்றன என்று சொன்னாலும் தவறில்லை. கீரிமலையில் ஊறும் நன்னீரும், நிலாவரையின் ஆழ்ந்த நீர்நிலையும், ஊர்தோறும் உள்ள கிணறுகளும் அதற்குச் சான்று. இத்தகைய நிலத்தில் மேற்பரப்பில் ஓடும் ஆறெனச் சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை ஏற்று, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி முதலிய ஊர்களினூடே தென்மேற்காகச் சென்று, அராலிக்கு அண்மையில் யாழ்ப்பாணக் கடலேரியை அடைகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, தையில் மெலிந்து, பங்குனியில் வெறுந்தரையாகிவிடும் ஆறு இது. எனினும் இதன் இருமருங்கும் வயல்களும் குளங்களும் தொடர்ந்து கிடக்கின்றன. கிணற்றிலிருந்து இறைத்தன்றிப் பயிர் செய்தல் அரிதாகிய செம்பாட்டு நிலத்தின் நடுவே, நெல் விளையத்தக்க தாழ்நிலத்தொடர் ஒன்று இவ்வாற்றினால் அமைந்தது. ஆதிக்குடிகள் இங்கே வந்து தங்கியமைக்கு இதுவே முதற்காரணம்.

ஊரும் பெயரும்

கந்தரோடை என்னும் பெயரில் ஓடை என்ற சொல் நின்று நிலவுதல் நோக்கத்தக்கது. யாழ்ப்பாண வைபவமாலை, உக்கிரசிங்கன் என்னும் அரசன் கதிரமலையிலிருந்து ஆண்டான் என்று கூறும். ஒல்லாந்தர் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய நூல் அது. அக்கதிரமலை நம் கந்தரோடையே என்று முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் வாதித்தார். வைபவமாலைச் செய்திகளை அப்படியே வரலாறெனக் கொள்ளல் இயலாது. ஆயினும் இவ்விடம் ஒருகாலத்தில் தலைமைபெற்ற ஊராயிருந்தது என்னும் நினைவு மக்களிடையே அழியாதிருந்தமைக்கு அந்நூல் சான்றாகும்.

சிங்களத்தில் நம்பொத என்றொரு சிறுநூல் உண்டு. பௌத்தர் வழிபடும் இடங்களை வரிசைப்படுத்திக் கூறுவது அது. தமிழ்ப் பட்டினப் பகுதியிலுள்ள இடங்களாக அது கூறுவனவற்றுட் கதுருகொட என்பதும் ஒன்று. அது கந்தரோடையே என்பர். தமிழ் நூல் அரசிருக்கை என்கின்றது. சிங்கள நூல் வழிபாட்டிடம் என்கின்றது. இவ்விரு நினைவுகளுள் ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டும் என்ற நியதி இல்லை.

அகழ்ந்தோரும் அகழ்ந்தவையும்

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகக் கடமையாற்றிய போல் ஈ. பீரிசு என்னும் அறிஞரே கந்தரோடையை உலகறியச் செய்தவர். அவர் தாம் கண்டவற்றை 1917 ஆம் ஆண்டிலும் 1919 ஆம் ஆண்டிலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையில் எழுதினார். சிறு தூபிகளின் சிதைவுகள், முத்திரை குத்திய பழைய வெள்ளி நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த சிறு தகடுகள், றோமானிய நாணயங்கள், செங்கல்நிற மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக்கோல்கள் ஆகியன அவர் எடுத்துக்காட்டியவற்றுட் சில. இந்தியக் கரைக்கு இத்துணை அணித்தாகவுள்ள நிலம், படகோட்ட அறிந்த மக்கள் அக்கரையில் வாழத் தொடங்கிய காலத்திலேயே குடியேற்றம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அக்காலத்தில் அது துணிவுமிக்க கூற்று. பின்னர் நிகழ்ந்த அகழ்வுகள் அதனை மெய்ப்பித்தன.

1966, 1967 ஆம் ஆண்டுகளில் தொல்பொருட்டிணைக்களத்தார் தூபிகள் உள்ள காணியை அகழ்ந்து, சிதைந்து கிடந்தவற்றுட் சிலவற்றை மீளக் கட்டினர். 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சார்ந்த விமலா பெக்லியும் அவர்தம் குழுவினரும் மக்கள் குடியிருந்த மேட்டுப்பகுதியை ஆராய்ந்தனர். கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும், உருளைக்கோடுகளால் அலங்கரித்த மெல்லிய மட்கலங்களும் அங்கே வெளிப்பட்டன. முன்னவை தமிழகத்துப் பெருங்கற்பண்பாட்டு மக்கள் வழங்கியவை. பின்னவை புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945 இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது பெயர்பெற்றவை. உருளைக்கோட்டுக் கலங்கள் வருமுன்னரே மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதும் அவ்வகழ்வினால் தெளிவாயிற்று. எனவே இவ்வூரின் தோற்றத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே வைத்தெண்ணல் வேண்டும்.

கடற்கரையல்லாத ஓரூருக்கு இத்துணைப் பிறநாட்டுப் பொருள்கள் வந்தவாறு எங்ஙனம்? விடை, ஊர் அமைந்த இடத்திலேயே உள்ளது. வடமேற்கே மாதகலை அடுத்துச் சம்பில்துறை இருக்கின்றது. மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் அதுவே என்பர். தேவநம்பிய தீசனின் தூதர் அசோகனிடஞ் செல்லக் கப்பலேறியதும், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதும் அத்துறையில் என்பது அந்நூலின் கூற்று. தென்மேற்கே வழுக்கையாறு கடலேரிக்கு வழிகாட்டுகின்றது. வடக்கே இந்தியாவை நோக்கிய துறையும், தெற்கே மாதோட்டம் நோக்கிய கடலேரியும், இடையே நெல் விளையும் நிலமும் ஒருங்கே வாய்த்தமையால் கந்தரோடை இருபுறத்து வணிகத்தையும் ஈர்த்தது. றோமானிய நாணயம் கிடைத்தமையால் றோமரே இங்கு வந்திருந்தனர் எனக் கொள்ளல் வேண்டா. நாணயம் பல கைம்மாறிப் பயணஞ் செய்யும் பொருள்.

காலத்தை ஒப்புநோக்க ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இங்கிலாந்தின் வடமேற்கே டீ ஆற்றங்கரையில் செஸ்ரர் என்னும் நகரம் இருக்கின்றது. றோமர் அங்கே கோட்டை அமைத்தது கி. பி. 1 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்னரே நம் கந்தரோடையில் மக்கள் வணிகம் நடத்தினர். செஸ்ரரின் துறைமுகமும் ஆற்றில் மணல் தூர்ந்தமையாற் காலப்போக்கில் வீழ்ந்தது. ஆயினும் அந்நகரத்தார் தம் மதிலைப் பேணினர். இன்று வருவோர் அம்மதிலின்மேல் நடந்தே நகரைச் சுற்றிப் பார்க்கின்றனர். நமக்கு மதில் இல்லை. ஆற்றின் கரை உண்டு. அக்கரைவழியே நடத்தல் கூடும்.

காணச் செல்வோர்க்கு

செல்வதற்கு ஏற்ற காலம் மார்கழியும் தையுமாம். மழை ஓய்ந்து, வயல் பசுமையுற்று, மதகுகளின் கீழ் நீர் ஓடும் காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதிப் பேருந்தில் இணுவில், மருதனார்மடம், உடுவில் என்பவற்றைக் கடந்து சுன்னாகத்தில் இறங்குக. சந்தையை ஒருமுறை சுற்றி வருதல் வீண்போகாது. அயற்கிராமங்களின் விளைவெல்லாம் வந்துகூடும் இடம் அது. அங்கிருந்து மேற்கே கந்தரோடைக்குச் செல்லும் வீதி, 1894 இல் தோன்றிய ஸ்கந்தவரோதயக் கல்லூரி விளங்கும் ஊருக்கு நம்மைக் கொண்டுசெல்லும். மிதிவண்டியிற் செல்வது நன்று. வேலியடைத்த ஒழுங்கைகளில் வழி தப்பினும் ஊரவர் அன்புடன் திருப்பிவிடுவர்.

தூபிகள் பனைகளுக்கிடையே, வேலியிட்ட காணியில் நிற்கின்றன. பெரிய தாதுகோபங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவை வியப்பளிக்கும். சில ஆறடி விட்டமேயுடையவை. மிகப் பெரியனவும் இருபது அடியளவிற்கு மேல் அதிகம் போகா. ஏறக்குறைய 20 தூபிகள் உருவம்பெற்று நிற்க, ஏனையவற்றின் அடித்தளங்களை மாத்திரம் காணலாம். நிற்பவை மீளக் கட்டப்பட்டவை என்பதை மாணவர் மறத்தலாகாது. பழையதை அறிய விரும்புவோர் நிமிர்ந்து நோக்குவதிலும் குனிந்து அடித்தளங்களை நோக்குதல் தகும். கல்லின்மேல் ஏறுதலும், மணியோ ஓடோ கண்டால் எடுத்துச் சட்டைப்பையில் இடுதலும் கூடா. இடம்பெயர்ந்த சான்று ஊமையாகிவிடும். இங்கே கிடைத்த பொருள்களிற் சிலவற்றை யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையிற் காணலாம்.

தூபிகளைக் கண்டபின் உடனே திரும்பிவிடுதல் வருவோர் பலர்க்கு வழக்கம். ஊரின் உயிர்நிலை ஆறேயாதலின் அவ்வாறு செய்தல் வேண்டா. வழுக்கையாற்றை அடைந்து, அது செல்லும் திசையிற் சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலி வரையிற் செல்க. அங்கே உவர்நீர் உட்புகாது காக்கும் தடுப்பணையையும், அப்பாற் பரந்த கடலேரியையும் காணலாம். நவாலிக்குத் தெற்கே ஆனைக்கோட்டை. அங்கே 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலத்துப் புதைகுழி ஒன்றிற் சிறு முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தனர். மேல்வரியில் குறியீடுகளும், கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகளும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துகளைக் கோவேத என வாசித்து, கோ என்பது தலைவனைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என்று அறிஞர் கொள்வர். இவ்வழி முழுவதையும் ஒருநாளிற் கண்டு மீள்பவர்க்குக் கந்தரோடை தனித்த ஓரூராகத் தோன்றாது, ஆற்றை அண்டி வளர்ந்த குடியிருப்புத் தொடரின் நடுவிடமாகத் தோன்றும்.

யாருடையது?

தூபிகளின் முன் நிற்கும் எவரும் இவை யாருடையவை என வினவாதிரார். தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர், நச்சுக்காளான் உண்டு மாண்ட அறுபது துறவியரின் சமாதிகள் இவை என்று ஒரு கதை கூறுவர். இவை இருத்தலே இங்கே முற்காலத்திற் சிங்களவர் வாழ்ந்தமைக்குச் சான்றென வாதிப்பாரும் உளர். அதற்கஞ்சி, இவற்றைப் பற்றிப் பேசாதிருத்தலே நலம் என எண்ணுவார் நம்மவருள்ளும் உளர். இவ்விரு சாராரும் பௌத்தம் என்பதையும் சிங்களம் என்பதையும் ஒன்றென மயங்குகின்றனர்.

மணிமேகலையை வகுப்பறையிற் கற்பிக்கும் நாம் இம்மயக்கத்துக்கு இடந்தரலாமா? காஞ்சியிற் பௌத்தம் தழைத்தது. 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசராச சோழன் காலத்தில், நாகபட்டினத்திற் பௌத்த விகாரை எழுந்தது. தமிழகத்தில் நிகழ்ந்தது அதற்கெதிர்க்கரையில் நிகழாதிருத்தல் எங்ஙனம்? மேலும், தூபிகளுக்கு முற்பட்ட கறுப்புச் சிவப்புக் கலங்களின் மக்கள் இவ்விடத்தை விட்டுப் போயினர் என்பதற்குச் சான்றில்லை. அவர் வழியினரே பின்னர்ப் பௌத்தத்தைத் தழுவினர். இறந்தோரை நினைந்து சின்னம் எழுப்பும் பழவழக்கமே சிறு தூபிகளாக உருமாறியது எனக் கொள்வாரும் உளர். பேராசிரியர் கா. இந்திரபாலா 2005 இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இலங்கையின் இனக்குழுக்கள் நெடுங்காலத்தில் படிப்படியாக உருப்பெற்றன என விரிவாக விளக்கியுள்ளார். இன்றைய எல்லைக்கோடுகளை அன்றைய மண்ணிற் கீறுதல் வரலாற்றுமுறை அன்று. சைவப் பிள்ளைகள் இவற்றை நாணமின்றியும் அச்சமின்றியும் தம் முன்னோர் எச்சமென நோக்கலாம். தெற்கிலிருந்து வருவோரும் தம் சமயத்தின் எச்சமென வணங்கலாம். ஒன்று மற்றொன்றை விலக்காது.

ஆயின், சான்று இருந்தாலன்றோ வாதம்? தூபிகள் வேலியினுள் உள்ளன. அவற்றிலும் பழையதாகிய குடியிருப்பு மேடோ வீட்டு வளவுகளிலும் தோட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. ஒவ்வோர் அத்திவாரமும் ஒவ்வொரு குழியும் அப்பழைய ஏட்டின் ஓர் இதழைக் கிழிக்கின்றது. ஆற்றின் கரையோ மண்ணிட்டு நிரப்பப்படுகின்றது. மதகுகளிற் குப்பை அடைகின்றது. வெள்ளம் வடியும் வழியும், கிணறுகளுக்கு நீரூட்டும் வழியும் இவ்வாறே என்பதை நினையாதார் செயல் அது. ஊர்ப் பாடசாலைகள் ஆண்டுதோறும் மார்கழியில் ஒருநாள், மேல்வகுப்பு மாணவரை அளவெட்டியிலிருந்து அராலி வரை இக்கரைவழியே அழைத்துச்சென்று, கண்ட மதகையும் குளத்தையும் மேட்டையும் குறித்துவைக்கச் செய்யுமாயின், பத்தாண்டில் ஒரு நல்ல வரைபடம் உருவாகும். வீடு கட்டக் குழி தோண்டும்போது ஓடு வெளிப்பட்டால், அதனை எறியாது பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கும் பழக்கமும் அப்பிள்ளைகள்வாயிலாக ஊரிற் பரவும். பெருஞ்செலவு வேண்டாத இப்பணியை நம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் மேற்கொள்வாராக.